ஆடிக்குத் தாய்வீடு போன ஜீப்

"இந்த வண்டி எத்தனை மாசமாய்யா இங்க நிக்குது?" என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் கேட்டார். பெத்துராஜ் உண்மையைச் சொல்லிவிட்டான். அங்கேதான் பிடித்தது சனி.

"கல்யாணத்துல இருந்து நிக்குது சார். போன ஆவணியில கல்யாணம். பத்து மாசம் முடிஞ்சு பதினொண்ணு நடக்குது" என்று விரல் விட்டு எண்ணினான். அதோடு நிறுத்தினானா? "மாமனார் குடுத்தது சார்" என்று ஒரு சிரிப்பும் சிரித்தான்.

போடிநாயக்கனூர்க் கடைவீதியின் புழுதியைப் பொருட்படுத்தாமல் இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்னால் குந்தினார். நம்பரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து நோட்டில் ஏற்றினார். டி.சி. என்று தொடங்கி 918 என்று முடிகிற நம்பர்.

"இது திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்து நம்பரு. நீங்க இருக்கிறது சென்னை ராஜ்யம். அந்த ராஜ்யத்து வண்டி இங்க பன்னெண்டு மாசத்துக்கு மேல தங்குனா, அந்த நம்பர அழிச்சுட்டு இங்கத்து நம்பர் வாங்கணும்."

"என்ன சார், மேல ஓடுனாலும் கீழ ஓடுனாலும் ஒரே வண்டிதான?"

"வண்டி ஒண்ணுதான். சட்டம் ரெண்டு."

"மலை கூட ஒண்ணுதான் சார். நடுவுல சுவரா கட்டிருக்கு?"

"சுவர் இல்ல. சாவடி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் லஞ்சம் வாங்காத மனிதர். வாங்குகிறவராக இருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

பெத்துராஜுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. மாமனார் சின்னத்துரைக்கு மலைக்கு மேலே, பூப்பாறைக்கு இந்தப் பக்கம் ஏலத்தோட்டம். போடிமெட்டுதான் எல்லை. பதினேழு கொண்டையூசி வளைவு ஏறிவிட்டால் வேறு ராஜ்யம். மேலே விளைந்த காய் கீழே வந்து விற்கிறது, மேலே பிறந்த பெண் கீழே வந்து வாழ்கிறாள். இதற்கெல்லாம் யாரும் நம்பர் கேட்டதில்லை. ஜீப்புக்கு மட்டும் கேட்கிறார்கள்.

கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. விஷயத்தைக் கேட்டதும் செல்லக்கனி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"நம்பர அழிக்கப் போறீகளா?"

"நான் அழிக்கல புள்ள. சட்டம் அழிக்கச் சொல்லுது."

"எங்கப்பாவுக்கு அந்த நம்பரு உசுரு. நான் பெரியகுளத்துல ஹாஸ்டல்ல படிச்சு முடிச்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு, எங்கப்பா அந்த நம்பரு முன்னாடி தரையில உக்காந்திருந்தாரு. அப்பத்தான் பெயிண்டு அடிச்சு முடிச்சிருக்கு. கண்ணுல தண்ணி. 'கூட்டுனா ஒம்பது வருதுத்தா'ன்னு சொன்னாரு."

பெத்துராஜுக்கு மாமனார் வீட்டுப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. சின்னத்துரை தன் மூத்த மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தில் ஒரு கைக்கடிகாரம் போட்டிருந்தார். அந்த மனிதர் அதன் தோல்பட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சங்கிலி மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் குற்றம். கடிகாரம் அதே கடிகாரம், காட்டிய மணியும் அதே மணி. அதற்கே சின்னத்துரை மூன்று வருஷம் அந்த மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கவில்லை. பட்டைக்கே மூன்று வருஷம் என்றால் நம்பருக்கு எத்தனை?

"எங்க அக்கா மூணு வருசம் அப்பன் வீட்டு வாசல மிதிக்காமக் கிடந்து அழுதா. எனக்கும் அந்தக் கதி வரணுமா?" என்றாள் செல்லக்கனி. அவள் அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனதைப் பார்த்தபோது, ராஜ்யம் இரண்டானாலும் நூறானாலும் சரி, அந்த நம்பரை அழிய விடுவதில்லை என்று பெத்துராஜ் முடிவு கட்டினான். பெண்டாட்டி மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம்.

முடிவு கட்டியாயிற்று. வழி?

வழி சொல்ல சோலை இருந்தான். கடையில் காய் அளக்கிறவன். அவனிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை, அதனால் பெத்துராஜிடம் தொல்லைக்கும் பஞ்சமில்லை.

"மொதலாளி, பன்னெண்டு மாசம் தொடர்ச்சியா இருந்தாத்தான தப்பு? நடுவுல ஒரு மாசம் மேல போயி இருந்துட்டு வந்துட்டா?"

"எங்கடா போயி இருக்கும்?"

"வர்ற மாசம் ஆடிதான. புதுப்பொண்ணு ஆடிக்குத் தாய்வீடு போறது நம்ம பக்கத்து வழக்கம். பொண்ணும் மேல இருந்துதான் வந்துச்சு, ஜீப்பும் மேல இருந்துதான் வந்துச்சு. ரெண்டையும் சேத்தே அனுப்புங்க. ஆவணி பொறந்ததும் ரெண்டையும் கூட்டிக்கிட்டு வாங்க. பன்னெண்டு மாசக் கணக்கு மறுபடியும் மொதல்ல இருந்து."

இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்கள். "சட்டத்துல ஆடின்னு இல்ல. ஆனா ஒரு மாசம் நெசமாவே அந்த ராஜ்யத்துல இருந்தா நான் ஒத்துக்கிறேன். சாவடிப் புத்தகத்துல பதிவு இருக்கணும்" என்றார்.

ஆடி முதல் நாள் ஜீப்பைக் கழுவி, சந்தனம் வைத்து, செல்லக்கனியை முன்சீட்டில் உட்கார வைத்து, பெத்துராஜ் மலை ஏறினான். மெட்டுச் சாவடியில் காவலர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். செல்லக்கனி நல்ல வளர்ப்பு வளர்ந்தவள். தாய்வீடு போகிற சந்தோஷத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து, "அண்ணே, எடுத்துக்கங்க" என்று அவர் இரண்டு கையிலும் இரண்டு அதிரசம் கொடுத்தாள்.

"நல்லபடியாப் போயிட்டு வாத்தா" என்றார் காவலர் வாய் நிறைய.

தோட்டத்து வீட்டு முன்னால் ஜீப் போய் நின்றதும் சின்னத்துரை வெளியே வந்தார். மகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. ஜீப்பைப் பார்த்து முகம் வெளுத்தது.

"என்ன மாப்ளே, வண்டிய எதுக்கு மேல கொண்டாந்தீக? எதும் சரியில்லையா? திருப்பிக் கொண்டாந்துட்டீகளா?"

"அய்யய்யோ, இல்ல மாமா! ஆடிக்கு வந்திருக்கு."

"ஆடி முடிஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போயிருவீகல்ல?"

"செல்லக்கனியத்தான மாமா கேக்குறீக?"

"ரெண்டையும்தான்" என்றார் சின்னத்துரை. அன்று சாயங்காலமே ஜீப்பை ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், படுதா போட்டு மூடி, அதன் மேல் வாழைச்சருகும் பரப்பச் சொன்னார். தான் கொடுத்த பொருள் மேல் ஒரு பொட்டுத் தூசி விழக் கூடாது என்று நினைக்கிற மனிதரைப் பார்த்துப் பெத்துராஜுக்குக் கண் கலங்கியது. இந்த மனிதர் மனசை நோகடிக்கவா என்று நினைத்துக்கொண்டே ஏலக்காய் லாரியில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினான்.

அந்த ஒரு மாதம் அவன் ஓட்டல் சோறு தின்றான், ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டான். ஆவணி முதல் தேதி விடிந்ததோ இல்லையோ, மேலே போய் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சின்னத்துரை மெட்டு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார். ஜீப் எல்லையைத் தாண்டுகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். சாவடிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"பெத்துராஜு, ஒரு சங்கதி எனக்குப் புரியல. போன வருசம் ஆவணியில இந்த ஜீப்பு கீழ இறங்கிருக்கு. பதிவு இருக்கு. இந்த வருசம் ஆவணியிலயும் கீழ இறங்கிருக்கு. அதுக்கும் பதிவு இருக்கு. நடுவுல மேல ஏறுனதுக்குப் பதிவே இல்லையே?"

பெத்துராஜுக்கு அதிரசம் ஞாபகம் வந்தது. இரண்டு கையிலும் அதிரசம் இருந்தால் எந்தக் கையால் எழுதுவார்?

"ஏறுச்சு சார். சத்தியமா ஏறுச்சு."

"ஏறாத வண்டி ரெண்டு தடவ எப்படிய்யா இறங்கும்? புத்தகப்படி பாத்தா ரெண்டு வண்டி இறங்கிருக்கு. ரெண்டுக்கும் ஒரே நம்பரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு வண்டிய எங்க வச்சிருக்க?"

"சார்! இருக்கிறதே இது ஒண்ணுதான் சார்!"

"அதத்தான் நான் கேக்குறேன். அது எங்க?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடைக்குள் வந்து மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த இடத்தையும் பார்த்தார். ஒரு ஜீப்பை விறகுக்கடியில் ஒளிக்க முடியாது என்று செல்லக்கனி சொன்னதற்கு, "முடியாதும்மா, இருந்தாலும் பாக்கணும்ல" என்றார்.

சோலை மறுபடியும் யோசனை சொன்னான். பெத்துராஜ் மறுபடியும் கேட்டான். முதல் தப்பு சோலையுடையது என்றால் இரண்டாவது தப்பு யாருடையது என்று வாசகர்களே சொல்லட்டும்.

"புத்தகத்துல என்ன குறை மொதலாளி? ரெண்டு இறக்கம் இருக்கு, ஏத்தம் இல்ல. இப்ப ஒரு ஏத்தம் எழுத வச்சுட்டாக் கணக்கு நேராகிரும்."

"ஏறுன வண்டி திரும்ப இறங்கணுமேடா. இறங்குறப்ப மறுபடியும் எழுதிருவாங்களே?"

"அங்கதான் சூச்சமம். இந்த வழியா ஏறுவோம். அந்த வழியா இறங்குவோம். வண்டன்மேடு போயி குமுளி வழியா இறங்கிட்டா, அங்க ஜீப்பு கார எழுதுற பழக்கமே இல்லன்னு என் மச்சான் சொன்னான்."

இந்த முறை செல்லக்கனி இல்லை, அதிரசமும் இல்லை. மெட்டுச் சாவடியில் பெத்துராஜே இறங்கி நின்று, நம்பரை வாசித்து, காவலர் எழுதுவதைக் கண்ணால் பார்த்து, "மேல போகுதுன்னு எழுதிருக்கீகல்ல அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டு, அப்புறம்தான் வண்டியை எடுத்தான். மாமனார் தோட்டத்தைத் தாண்டும்போது தலையில் கம்பளியைப் போட்டு முக்காடு இட்டுக்கொண்டான். பிறகு ஜீப்பு மட்டும் போகக்கூடிய தோட்டப் பாதைகள். அட்டை கடித்தது, மழை நனைத்தது, ஒரு ஓடைக்குள் இறங்கி அவனும் கூட வந்த சோலையும் வண்டியைத் தள்ளினார்கள். மறுநாள் மத்தியானம், உடம்பெல்லாம் சேறாக, குமுளிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே சாவடிக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. புது மேஜை, புது நாற்காலி. மேஜை மேல் மஞ்சள் தடவிய புத்தம் புது நோட்டு.

"வாங்கய்யா வாங்க!" என்று காவலர் எழுந்தே வந்துவிட்டார். "இன்னைக்குத்தான் எல்லா வண்டியையும் எழுதணும்னு உத்தரவு வந்து நோட்டுப் போட்டோம். காலையில இருந்து ஒரு வண்டி இல்ல. உங்க வண்டிதான் போணி!"

பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில், முதல் வரியில், மூன்று அங்குல எழுத்தில் நம்பரை எழுதினார். எழுதிவிட்டுக் குங்குமமும் வைத்தார். சோலை மச்சானைத் திட்டினான். பெத்துராஜ் சோலையைத் திட்டினான்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"ஏத்தம் ஒண்ணு. இறக்கம் மூணு" என்றார் மெதுவாக. "பெத்துராஜு, நீ நல்ல குடும்பத்துப் பிள்ள. மொத்தம் எத்தன ஜீப்பு இருக்குன்னு என்கிட்ட மட்டும் சொல்லிரு."

பெத்துராஜ் நடந்தது முழுக்கச் சொன்னான். அதிரசத்திலிருந்து அட்டை கடித்தது வரைக்கும். கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நான் நம்புறேன். ஆனா புத்தகம் நம்பாது. ஒரே வழிதான். வெரசா இங்கத்து நம்பருக்கு மனு எழுதிக் குடு. நம்பர் மாறிட்டா, இருக்கிறது ஒரே வண்டிதான்னு நானே எழுதி எல்லாத்தையும் மூடிர்றேன். கார்த்திகை பொறக்குறதுக்குள்ள ஆகலைன்னா வண்டி ஸ்டேசனுக்குப் போயிரும்."

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்க டெல்லியில் ஒரு கமிஷன் உட்கார்ந்திருந்த காலம் அது. தேவிகுளம், பீர்மேடு சென்னையோடு சேருமா, அந்தப் பக்கமே இருக்குமா என்று போடியில் டீக்கடைக்கு டீக்கடை விவாதம். தேவிகுளம் இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லை மாமனார் வீட்டுக்கு அப்பால் போய்விடும். நம்பர் பிரச்சினை பொசுக்கென்று போய்விடும்! நம்பரை மாற்றுவதற்குப் பதில் ராஜ்யத்தை மாற்றிவிடலாம் என்ற ஆசையில் பெத்துராஜ் அதற்காக நடந்த கூட்டம் ஒன்று விடாமல் போனான். எல்லாரையும்விட உரக்கக் கை தட்டினான். "என்னா மொழிப்பற்று இந்தப் பையனுக்கு!" என்று பெரியவர்கள் மெச்சி, ஒரு கூட்டத்தில் அவனை நன்றியுரை சொல்ல வைத்தார்கள். நன்றியுரையில் அவன் ஒன்பது தடவை ஜீப்பைப் பற்றிப் பேசினான் என்பது பிறகு பலருக்கு விளங்காமலே போயிற்று.

புரட்டாசி கடைசியில் பத்திரிகையில் அறிக்கை வந்தது. தேவிகுளம் அந்தப் பக்கமே என்று கமிஷன் சொல்லிவிட்டது. ஊரே சோகமாக இருந்தது. பெத்துராஜ் சாப்பிடவில்லை.

ராத்திரி செல்லக்கனி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாத்திருங்க" என்றாள். "ஸ்டேசனுக்குப் போனா அது இன்னும் கேவலம். எங்கப்பாகிட்ட மட்டும் எப்படியாச்சும் மறைச்சுருங்க."

நம்பர் மாற்றுவதற்கு, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று மேலேயிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதைக் கேட்டுப் போனால், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று கீழேயிருந்து முதலில் கடிதம் கொண்டுவா என்றார்கள். கீழே வந்தால், ஆட்சேபம் இல்லாத கடிதம் இல்லாமல் எப்படி எடுத்துக்கொள்வது என்றார்கள். மேலே அரை வருஷ வரியைக் கட்டச் சொன்னார்கள், கீழேயும் அதே அரை வருஷத்துக்குக் கட்டச் சொன்னார்கள். மதுரைக்கும் மலைக்குமாகப் பெத்துராஜ் பதினோரு தடவை அலைந்தான். லாரியில் தொற்றிக்கொண்டு மேலே போகிற ஒவ்வொரு தடவையும் மாமனார் தோட்டத்தருகே கம்பளி முக்காடு. அவனுக்கு ஆறு பவுண்டு எடை குறைந்தது. ஒரு நல்லது, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் கோபப்படாத பொறுமை வந்துவிட்டது.

ஐப்பசிக் கடைசியில் நம்பர் வந்தது. எம்.டி.யு. என்று தொடங்கியது. டி.சி.யை அழித்து அதை எழுதி முடித்தபோது இன்ஸ்பெக்டரே வந்து நின்று பார்த்தார். நோட்டை மூடினார். "இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு" என்றார். பெத்துராஜுக்கு உயிர் போயிருந்தது. ஏழாம் மாத வளையல் போட்டு, கார்த்திகையில் செல்லக்கனியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

"ஜீப்புலயே வாங்கன்னு அப்பா சொல்லி விட்டாரா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"இல்ல. பஸ்சுல வாங்கன்னுதான் சொல்லி விட்டாரு."

"பாத்தீகளா, ஜீப்பு தேய்ஞ்சுரும்னு யோசிக்கிறாரு."

பஸ்சில் கூட்டிப்போகலாம்தான். ஆனால் ஏழு மாசத்துக்காரியைப் பதினேழு வளைவிலும் நெரிசலில் நிற்க வைக்கப் பெத்துராஜுக்கு மனசு வரவில்லை. ஆக, சோலையின் மூன்றாவது யோசனை அரங்கேறியது. பழைய டி.சி. நம்பரை இரண்டு பலகையில் எழுதி, ஆணியில் மாட்டுகிற மாதிரி கொக்கி வைத்தார்கள். வழியில் புது நம்பர் மேல் பழைய நம்பரைத் தொங்கவிட வேண்டும். திரும்பும்போது கழற்றிவிட வேண்டும். மாமனாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

மெட்டைத் தாண்டினால் வழியெல்லாம் சின்னத்துரைக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள் என்று, மெட்டுக்கு முந்தின வளைவிலேயே வண்டியை நிறுத்தினான். சோலை இறங்கிப் போய் முன்னால் பலகையை மாட்டினான். பின்னால் போவதற்குள் ஒரு ஏலக்காய் லாரி வந்து ஆரன் அடித்தது. பதறி ஓடி வந்து ஏறிக்கொண்டான்.

"மாட்டிட்டியாடா?"

"மாட்டியாச்சு மொதலாளி!" என்றான் சோலை. ஒன்றை மாட்டியது உண்மைதானே.

சாவடிக் காவலர் இப்போதெல்லாம் வெகு கவனம். வண்டி வரும்போது முன்னால் பார்த்து டி.சி. நம்பரை எழுதினார். போகும்போது பின்னால் பார்த்து எம்.டி.யு. நம்பரை எழுதினார். ஒரு வண்டி வந்தது, வேறொரு வண்டி போனது. அவர் வெகு நேரம் நோட்டையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து வீட்டு வாசலில் சின்னத்துரை நின்றிருந்தார். "வாத்தா" என்று மகளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். பிறகு அவர் பார்வை ஜீப்பின் முன்பக்கம் போயிற்று. விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகம் சுருங்கியது.

"அதே நம்பரு மாமா" என்றான் பெத்துராஜ் பெருமையாக. "அழிக்கச் சொல்லி எம்புட்டோ சொன்னாக. நான் விடலையே! உசுரக் குடுத்துக் காப்பாத்தி வச்சிருக்கேன்."

"ஆமா... பாத்தாலே தெரியுது" என்றார் சின்னத்துரை. காய்ச்சல்காரன் குரல் அது. "பன்னெண்டு மாசம் என்னைக்கோ ஆயிருக்குமே மாப்ளே?"

"அதெல்லாம் நீங்க கவலைப்படாதீக மாமா. என் காலம் முடியுற மட்டும் இதே நம்பருதான்."

சின்னத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மகளுடைய பெட்டியை இறக்க வண்டிக்குப் பின்னால் போனார்.

போனவர் வரவில்லை.

சோலை மெல்லப் பெத்துராஜின் முழங்கையைத் தொட்டான். "மொதலாளி, பின்னால ஒண்ணு மாட்டல" என்றான்.

பெத்துராஜ் ஓடினான். சின்னத்துரை எம்.டி.யு. நம்பரின் முன்னால் குந்தியிருந்தார். ஒரு விரலால் பெயிண்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. மெதுவாக எழுந்தார். துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. தட்டுத்தடுமாறி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போச்சு!" என்று செல்லக்கனி முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா அழுகுறாரு. நான் பொறந்ததுல இருந்து அவரு இப்படி அழுது பாத்ததில்ல. இனி எனக்கு ஏது தாய்வீடு?"

பெத்துராஜுக்கும் அழுகை வந்துவிட்டது. பதினோரு தடவை அலைந்தபோது வராத அழுகை. வயிற்றுப் பிள்ளைக்காரியை அழ வைத்துவிட்டோமே என்று அவள் பக்கத்தில் அவனும் உட்கார்ந்தான்.

முற்றத்து மூலையில் மொக்கம்மாள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னத்துரை முதல் ஏலச்செடி வைத்த நாளிலிருந்து அங்கே வேலை பார்க்கிறவள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எதுக்கு இப்ப ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிறீக?"

"மாமா மனசு ஒடைஞ்சு போச்சே, பாக்கலையா?" என்றான் பெத்துராஜ். "அவரு ஆசையா வாங்குன நம்பர அழிச்சுட்டேனே."

"அழுகையா அது? காதக் குடுத்துக் கேளுங்கப்பு. மனுசன் உள்ள சிரிச்சுக்கிட்டுக் கிடக்காரு."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார்கள். சிரிப்பேதான். நடுவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"பட்டாளத்துக்காரக மதுரையில வித்த வண்டி இது. எடுத்தாந்தப்ப இதுலயும் மதுரை நம்பருதான் இருந்துச்சு" என்றாள் மொக்கம்மாள். "பன்னெண்டு மாசம் ஆச்சு, மாத்துன்னாக. ஒன்றரை வருசம் நாயா அலைஞ்சு மாத்துனாரு. மாத்துன பொறவும் 'எங்க வண்டி எங்க, எங்க வண்டி எங்க'ன்னு மதுரை ஆபீசுல இருந்து மாசம் ஒரு காயிதம். வித்துத் தொலைப்போம்னா, இந்தக் கூத்தக் கேட்டுட்டு ஒரு பய வாங்கல. இது திரும்பவும் கீழ போயி, மதுரை நம்பரு வாங்குனாத்தான் எனக்கு விடிவுன்னு சோறு தண்ணி இல்லாமக் கிடந்தாரு."

பெத்துராஜ் வாயைப் பிளந்தான். "அதுனாலதான் ஜீப்ப எனக்குக் குடுத்தாரா? நான் என்னமோ பொண்ணுக்கு மாப்ள தேடுறப்ப என்னயப் பாத்துப் பிடிச்சுப்போயி..."

மொக்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் பரிவாகச் சொன்னாள்:

"பொண்ணுக்கு மேலயே நாலு வரன் வந்துச்சுப்பு. ஜீப்புக்குத்தான் கீழ மாப்ள தேட வேண்டியதாப் போச்சு."